சுவரில் ஒரு பேட்ச் பேனல்

விளக்கு எரியவில்லை.

ஜீவரத்தினம் நெட்வொர்க் ஸ்விட்சிலிருந்து பேட்ச் பேனலுக்குப் போகும் வயரைப் பிடுங்கி மறுபடி செருகினான். ஸ்விட்சின் சிக்னல் விளக்கு அப்போதும் எரியவில்லை.

கூடுவாஞ்சேரி சட்டைக் கம்பெனியில் கம்ப்யூட்டர்களுக்கு அவன்தான் பொறுப்பு. ஆபீசையும் பின்னாலிருக்கும் குடோனையும் ஃபைபர் கேபிளால் இணைப்பதற்காக, அவன் லீவில் இருந்தபோது கான்ட்ராக்டர் சுவரில் பேட்ச் பேனலை மாட்டிப் பூட்டிவிட்டுப் போயிருந்தார்.

"சாயங்காலம் குடோன்ல உக்காந்து ஆபீஸ் கணக்கைப் பார்ப்பேன். தெரியலேன்னா உன்னை பர்மனென்ட் பண்ண மாட்டேன்," என்று முதலாளி ஸ்ரீரங்கன் காலையிலேயே சொல்லிவிட்டார்.

பர்மனென்ட் ஆனால்தான் ஹில்டாவை அவள் வீட்டார் அவனுக்குக் கட்டிக்கொடுப்பார்கள்.

"இந்தப் பொட்டி என்னப்பா பண்ணும்?" என்று கேட்டார் அக்கவுன்ட்ஸ் சரோஜினி.

"தானா ஒண்ணும் பண்ணாது மேடம். இதுக்குக் கரண்டே கிடையாது. பின்னாடி வர்ற கேபிளையும் முன்னாடி நாம செருகற வயரையும் சேர்த்து வைக்கும். அவ்வளவுதான்."

"ஒண்ணும் பண்ணாததுக்கே இந்தப் பாடு படுத்துதா?"

அவன் வயரின் இரண்டு முனைகளை இடம் மாற்றினான். எல்லாத் துவாரங்களிலும் செருகிப் பார்த்தான். முனையைக் கைக்குட்டையால் துடைத்தான். கைக்குட்டையிலிருந்த முகப்பவுடர் ஒட்டிக்கொண்டது. ஊதினான். எச்சில் தெறித்தது.

"பழைய லைன் இருக்கறதால புதுசு எடுக்கலையோ?" என்றார் சரோஜினி.

வேறு வழி தெரியாமல் அதையும் கழற்றினான்.

"சார், ஸ்க்ரீன் நின்னுடுச்சு!" என்று நாலு அறையிலிருந்தும் குரல் வந்தது. பழைய லைன் எல்லா மெஷினையும் கோத்துக்கொண்டு போகும் ஒரே வயர். ஓர் இடத்தில் கழன்றால் ஆபீசே படுத்துவிடும். பதறிப்போய்த் திரும்ப மாட்டினான். முனை கையோடு உடைந்து வந்தது.

வாசலில் பில் வராமல் லாரி ஹாரன் அடித்தது. 'கர்த்தாவே, என் கல்யாணம் போச்சு' என்று தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அந்த நேரம் பார்த்து முதலாளி வந்தார்.

"என்னய்யா இது? இருந்ததையும் கெடுத்து வச்சிருக்கே!"

"பேனல்ல சிக்னலே வரல சார்..."

"கான்ட்ராக்டர் ஆளைக் கூப்பிடு. தப்பு உன்னுதுன்னா இன்னிக்கே கிளம்பு!"

பேனலை மாட்டிய கான்ட்ராக்டரின் ஆள் தாவீது வந்தான். பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. முதலாளியைத்தான் பார்த்தான்.

"இன்னா சார், மறந்துட்டியா? ஆடி பொறக்கறதுக்குள்ள பொட்டிய மாட்டிடு, கேபிள ஆவணில இழுத்துக்கலாம்னு நீதானே சொன்னே?"