முதல் வண்டியில் உட்காருகிறவர்

நேவா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சாதாரணச் சட்டையாக இருந்தால் பரவாயில்லை. இது தோல் மாதிரித் துணியில் தைத்து, கை நெடுகக் குஞ்சம் தொங்கவிட்ட வேஷச் சட்டை. ஒவ்வொரு குஞ்சத்தையும் விரலால் நீவி நீவி அழுத்த வேண்டும். வருஷம் ஒரு முறை, ஊரில் முதலில் குடியேறியவர்களைக் கொண்டாடும் முன்னோடிகள் தின ஊர்வலத்தில், கோவேறு கழுதைகள் இழுக்கும் முதல் வண்டியில் உட்கார்ந்து கையசைப்பதற்காக அவள் கணவர் வெர்லின் ஸ்ட்ரௌட் அதை மாட்டிக்கொள்வார்.

வெர்லினை உங்களுக்குத் தெரியும். நேரில் பார்த்திருக்க மாட்டீர்கள், அவ்வளவுதான். 'ஊருக்கு முதலில் வந்தவரின் வாரிசு' என்கிற இனம் அது. பென்ரோஸ் கவுண்டி என்கிற அமெரிக்க மாவட்டத்தில் மக்காச்சோளத்துக்கு அடுத்தபடி செழிப்பாக விளைவது.

இவர்களிடம் வழி மட்டும் கேட்டுவிடாதீர்கள். "நேரா போய், ஹாலர் களஞ்சியம் எரிஞ்சுதே, அது இருந்த இடத்துல இடது பக்கம் திரும்பு" என்பார்கள். களஞ்சியம் எரிந்தபோது உங்கள் அப்பாவுக்குக் கல்யாணம்கூட ஆகியிருக்காது. முப்பது வருஷமாக ஊருக்கே ஊசி போடுகிற டாக்டர் வெர்லினுக்கு இன்னும் 'புது டாக்டர்'. பதினோரு மைல் தள்ளிப் பக்கத்துக் கவுண்டியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து, மூன்று பிள்ளை பெற்று, முப்பத்தெட்டு வருஷமாக அவருடைய முன்னோர்களின் கல்லறைகளை மே மாதம் தவறாமல் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுகிற நேவாவை விருந்தாளிகளுக்கு எப்படி அறிமுகப்படுத்துவார் தெரியுமா?

"என் சம்சாரம். இந்த ஊர் இல்ல."

ஊர்க் கோர்ட் ஒரு காலத்தில் தீப்பிடித்து, பத்திரம் பதிவேடு எல்லாம் சாம்பலாகிவிட்டது. ஊருக்கு நஷ்டம்தான். இந்த இனத்துக்கோ வரம். காகிதம் இருந்திருந்தால் முதலில் வந்தது ஒரே ஒரு குடும்பமாக இருந்திருக்கும். எரிந்துபோனதால் பதினேழு குடும்பங்கள் முதலில் வந்தன.

அதில்தான் இந்த வருஷம் இடி விழுந்தது. விதைக்கடை ஹோபர்ட் கிரில் தன் வீட்டுப் பழைய பைபிளைத் தூக்கிக்கொண்டு ஊர்வலக் கமிட்டிக்கு வந்துவிட்டார். குடும்பத்துப் பிறப்பு இறப்புகளை எழுதிவைக்கும் அதன் முதல் பக்கத்தில், 1819 மார்ச்சில் இதே ஊரில் பிறந்த ஒரு கிரில் குழந்தையின் பெயர். வெர்லினின் மூதாதை எஸ்ரா ஸ்ட்ரௌட்டின் கல்லறையில் செதுக்கியிருப்பது, 'இங்கு வந்தது 1819 மே'. இரண்டே மாதம்! இன்று மாலை ஆறு மணிக்குள் ஸ்ட்ரௌட் தரப்பு வேறு ஆதாரம் காட்டாவிட்டால் சனிக்கிழமை ஊர்வலத்தில் முதல் வண்டி கிரில் குடும்பத்துக்கு. இரண்டாம் வண்டியில் என்ன குறைச்சல் என்கிறீர்களா? முதல் வண்டிக் கழுதைகள் தெருவில் போட்டுவைத்ததன் மேலேயே போக வேண்டும். நாற்பத்தோரு வருஷமாக ஹோபர்ட் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தார்.

பரணிலிருந்து இறங்கி வந்த வெர்லினின் தலை முழுக்க ஒட்டடை. கையில் ஒரு பழுப்புக் காகிதம்.

"கிடைச்சிருச்சு நேவா! எஸ்ரா தாத்தா தன் அண்ணனுக்கு எழுதி, அனுப்பாமலே வெச்சிருந்த லெட்டர். எழுத்து பொடிப்பொடியா இருக்கு. படி, படி!"

நேவா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வாங்கினாள். "1818, நவம்பர் இருபத்துமூணு."

"அப்படிப் போடு! ஹோபர்ட்டுக்கு நாலு மாசம் முன்னாடி! மேல படி. குளிரு, பசின்னு எழுதியிருப்பார். கமிட்டியே அழுதுரும்."

"'கொண்டுவந்த மாவு தீர்ந்துவிட்டது. குழந்தை ஓயாமல் அழுகிறது. ஓடைக்கு அக்கரையில் டெலவேர் செவ்விந்தியர்களின் கிராமம் இருக்கிறது. அங்கே ஓர் அம்மாள் ஆறு கூடை மக்காச்சோளம் கொடுத்தாள். அவர்களுடைய வயல் நம் அப்பாவின் வயலைவிடப் பெரிது, பழையது.'"

"மேல தேதி இருக்கு, கீழ கையெழுத்து இருக்கு. போதும், குடு."

"சனிக்கிழமை மைக்ல என்ன பேசப் போறே?"

"எப்பவும் பேசறதுதான். மனுஷ வாடையே இல்லாத காட்டுல முதல் அடி வெச்சவர் எஸ்ரா ஸ்ட்ரௌட்."

"மனுஷ வாடை இல்லாத காட்டுல அந்தச் சோளத்தை விதைச்சது யாரு, வெர்லின்?"

வெர்லின் காகிதத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "அவங்க சும்மா இருந்தவங்க, நேவா. வந்தவங்க இல்லையே. வந்தாத்தானே முதல்ல வந்ததா கணக்கு?"

"சரி, அவங்க இருந்தவங்க, அதனால சேர்த்தி இல்ல. நான் வந்தவ, அதனால நானும் சேர்த்தி இல்ல. அப்போ யாருதான் இந்த ஊரு?"

சிரித்துவிட்டு எழுந்து போய்விடாதீர்கள். நீங்கள் மனை வாங்கி வீடு கட்டியிருக்கிற நகரில், நேற்று குடிவந்தவரை கேட்டருகே நிறுத்திவைத்து, "நாங்க வந்தப்ப இங்க ஒண்ணுமே கிடையாது சார், வெறும் பொட்டல், பொழுது சாஞ்சா நரி ஊளையிடும்" என்று கடைசியாகச் சொன்னது எப்போது? அந்தப் பொட்டலை உங்களுக்கு விற்றவர், அதற்கு முந்தின தை மாதம் வரை அதில் எதை அறுத்துக்கொண்டிருந்தார்? நேவாவிடம் சொல்ல வேண்டாம். உங்களுக்குள்ளேயே சொல்லிக்கொள்ளுங்கள்.

வெர்லின் குஞ்சச் சட்டையைச் சூடு ஆறுவதற்கு முன்பே மாட்டிக்கொண்டார். நேவா எட்டி, அவர் தலையிலிருந்த ஒட்டடையைத் தட்டிவிட்டாள். அவர் கடிதத்தை, தேதி மட்டும் வெளியே தெரிகிற மாதிரி இரண்டாக, நான்காக, எட்டாக மடித்துப் பையில் செருகிக்கொண்டு, கமிட்டியிடம் காட்ட வெளியே போனார்.