எழும்பாத நான்காவது மூலை

சிலர் வீட்டைப் பூட்டியதும் படியிறங்கிவிடுவார்கள். நான் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்து, தெருமுனையிலிருந்து நான்காவது முறை இழுக்கத் திரும்பி வருகிற ரகம். அந்த மடக்கு வண்டி பட்ட பாட்டுக்கு இந்தக் குணம்தான் காரணம்.

எங்கள் மாப்பிள்ளை கணேஷ், காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் கூடார வண்டி ஒன்றை வாங்கி, மும்பை செம்பூரில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டிச் சுவரை ஒட்டி நிறுத்தியிருந்தார். மடக்கினால் பெரிய பெட்டி. கைப்பிடியைச் சுற்றினால் கம்பி வடம் இழுபட்டு, நான்கு மூலைத் தூண்களும் நீண்டு, கூரை எழும்பி வீடாகிவிடும். என் மனைவி கமலா, கல்யாணமானதிலிருந்து ஜன்னல் வழியே எதிர்க் கட்டடத்துக் குழாய்களையே பார்த்தவள். மலையைப் பார்த்தபடி ஒரு ராத்திரி தூங்க வேண்டும் என்பது அவள் ஆசை. அன்று காலை புறப்பாடு.

"கெளம்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை தூக்கிப் பார்த்துடலாம்" என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன்.

பதினோராவது சுற்றில் (நான் எண்ணாமல் யார் எண்ணுவது?) மூன்று மூலைகள் எழுந்தன. சுவர்ப் பக்கத்து மூலை அசையவில்லை. "துரு" என்று தீர்ப்பளித்து, சுவாமி விளக்குக்கு வைத்திருந்த நல்லெண்ணெயை ஊற்றி, இன்னும் சுற்றினேன். உள்ளே 'ணங்' என்றது.

"அங்கிள், பஸ் கரோ! டூட் ஜாயேகா!" என்று வாட்ச்மேன் ஓடி வந்தார் (போதுமாம், உடைந்துவிடுமாம்).

"விடுங்கோ மாமா! கேபிள் அறுந்தா ட்ரிப் அவ்வளவுதான்" என்றார் கணேஷ்.

கமலா புளியோதரைத் தூக்கைக் கீழே வைத்தாள். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் நான் வண்டி செய்தவனைத் திட்டினேன். மாப்பிள்ளை அதை ராகு காலத்தில் வாங்கியதையும் ஜாடையாகச் சொன்னேன். அவள் வண்டிக்கும் சுவருக்கும் நடுவே நுழைந்தாள் (என் தொப்பை அங்கே போகாது).

"ஏன்னா, இங்க என்ன கட்டி வெச்சிருக்கேள்?"

"திருஷ்டிப் படிகாரம். நேத்திக்குக் கட்டினேன், தொப்பையை எக்கிண்டு. ரெண்டாம் மாடிக்காரா கண்ணு பொல்லாதது."

"சரி. கூரையில மாட்டின கயித்தைக் கீழ வண்டிக் கொக்கியோட எதுக்கு இழுத்துக் கட்டினேள்?"

"காத்துல ஆடுமேன்னு..."

"ஏழு முடிச்சு! நைலான் கயிறு!"

கயிற்றை வெட்டியதும் கூரை சமர்த்தாக எழும்பியது. வாட்ச்மேன் சிரிப்பை அடக்கக் கேட் பக்கம் போனார்.

அன்று ராத்திரி கமலா மலையைப் பார்த்தபடியே தூங்கிப்போனாள். நான் அவள் குறட்டையை எண்ணிக்கொண்டு சுகமாகப் படுத்திருந்தேன்.

இப்போதெல்லாம் லிஃப்ட் நின்றாலும் மிக்ஸி நின்றாலும், "அப்பா, எங்க கட்டினேள்?" என்றுதான் மகள் கேட்கிறாள். படிகாரத்தை நானும் விடவில்லை. ஆனால் ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் கமலா அதை வாங்கி என் பெல்ட்டில் கட்டிவிடுகிறாள். அந்த வண்டிக்கு இருக்கிற ஒரே திருஷ்டி நான்தானாம்.