போன்ல ஒக்காந்த ஈ

“கெட்டெல்லாம் போகலப்பா. போன் நல்லாத்தான் இருக்கு. அதுல ஒரு ஈ ஒக்காந்துருச்சு, அம்புட்டுதான்”னாரு சோலையப்பன்.

கேட்ட டீக்கடைத் திருப்பதி போனை வாங்கி, தோள்துண்டால ஒரு தொடை தொடைச்சாரு. தொடைச்சாப் போற ஈ இல்ல அது. போன் உச்சியில, சிக்னல் கோட்டுக்குப் பக்கத்துல, 4G நிக்க வேண்டிய எடத்துல இங்கிலீசு E ஒண்ணு கால நீட்டி ஒக்காந்திருந்துச்சு. E வந்துட்டாப் பேசலாம், கேக்கலாம். படம் மட்டும் வராது. வீடியோவைத் தொட்டா ஒரு வட்டம் சுத்தும். ஆவுடையார்கோவில் பிரகாரத்தைச் சுத்துறாப்புல சுத்திக்கிட்டே இருக்கும், சாமியை மட்டும் கண்ணுல காட்டாது.

“கடையில நீங்க ஓட்டிக்கிட்டு இருந்த ஈதான் எடம் மாறி வந்துருச்சு போல”ன்னு சொல்லிக்கிட்டே திருப்பதி டீயை ஆத்தினாரு.

சோலையப்பன் கோவிச்சுக்கல. சொன்னதுல தப்பும் இல்ல. வல்லத்திராக்கோட்டையில ‘சோலையப்பன் சவுண்டு சர்வீஸ்’னு போர்டு இன்னமும் தொங்குது. ஆனா விசேஷக்காரங்க இப்பல்லாம் புதுக்கோட்டையிலேர்ந்து ஆள் ஒசரத்துக்குப் பெட்டி செட்டு எறக்கிடுறாங்க. இவருகிட்ட இருக்குற தகரக் குழாய் ஸ்பீக்கரைக் கேட்டு ஒருத்தரும் வர்றதில்ல. வேலை இல்லாத கைக்குப் போன்தான் தொணைன்னு ஆயிப்போச்சு.

அந்தத் தொணை படுத்துக்கிச்சுங்கிறது மட்டும்னா விட்டுத் தள்ளலாம். விசயம் அது இல்ல. மகன் அரவிந்த்குமாருக்குச் சிங்கப்பூர்ல வெல்டிங் வேலை. குன்றாண்டார்கோவில் பக்கம் இளமதின்னு ஒரு பொண்ணு அமைஞ்சு வருது. போட்டோவுல ரெண்டு பேருக்கும் புடிச்சுப்போச்சு. பொண்ணோட அப்பா ரகுநாத் மட்டும், வீட்டையும் பாக்கணும், மாப்பிள்ளைகிட்ட மொகம் பாத்துப் பேசவும் வேணும்னு சொல்லிட்டாரு. பயலுக்கு லீவு கெடையாது. அதனால ஞாயித்துக்கெழம சாயங்காலம் அவங்க வீடு பாக்க வரும்போது, மாப்பிள்ளை வீடியோ கால்ல வர்றதா ஏற்பாடு. ஆக, அன்னைக்குச் சோலையப்பன் கையில இருக்குற போன்தான் மாப்பிள்ளை.

சோதனைக்கு ஒருதரம் போட்டுப் பாத்தப்ப, பய வாயைப் பாதி தெறந்து, ஒரு கண்ண மூடிக்கிட்டு அப்படியே ஒறஞ்சு நின்னுட்டான். இந்த மொகத்தை நீட்டினா எந்த ஊர்ல பொண்ணு குடுப்பாங்க.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுகிட்ட அர்ஷத் மொபைல் கடை இருக்கே, போய்க் காட்டுங்கன்னாரு திருப்பதி. அங்கதான் சோலையப்பனுக்கு ரோசம் வந்துச்சு.

“ஊருக்கே சத்தம் குடுத்தவன்யா நான். ஒரு கைப்போனைத் தூக்கிக்கிட்டு இன்னொருத்தன் முன்னால போய் நிக்கிறதா. இந்த ஈயை நானே வெரட்டுறேன், பாரு.”

வீட்டுக்கு வந்தவரு போனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினாரு. சிம்மைக் கழட்டி, வேட்டியில தொடைச்சு, ஊதி, திரும்ப மாட்டினாரு. ஏரோபிளேன் மோடுல போட்டாரு. அது ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல. ஈ அசையல.

சொர்ணவல்லி மொறத்துல உளுந்து பொடைச்சுக்கிட்டே இதையெல்லாம் பாத்துக்கிட்டு இருந்துச்சு. புருசனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாது. கேள்விதான் கேக்கும். பதிலை மனுசன் தானாத் தேடிக்கணும். ஈ வர்றதுக்கு முன்னாலயே சொர்ணவல்லி அவருகிட்ட மூணு வேலை சொல்லியிருந்துச்சு. மொட்டமாடியில தண்ணி போற ஓட்டை அடைச்சுக் கெடக்கு, எலையை அள்ளணும். முருங்கைக் கெளை வீட்டு மேல சாஞ்சு கம்பளிப்பூச்சியாக் கொட்டுது, வெட்டணும். பின்னறை பூராம் காயில் கருகின குழாய் ஸ்பீக்கர், அதைக் காலி பண்ணணும். பொண்ணு வீட்டுக்காரங்க வர்றதுக்குள்ள முடிக்கணும்ல. சொல்றப்பல்லாம் சோலையப்பன், இந்த வீடியோ முடியட்டும்னு கை காட்டுவாரு. அதுவும் முடியும். முடியிற எடத்துல இன்னொண்ணு ஒக்காந்துக்கிட்டு இருக்கும். மஞ்சுவிரட்டுக் காளை போனா வெறுங்கையால கெணறு வெட்டுற ஆளு வருவான். அவன் போனா, அண்டாச் சோத்தை ஒத்தை ஆளாத் திங்கிறவன் வருவான்.

“ஏங்க, குழாயை ஒசரத்துல கட்டினாத்தான் சத்தம் தூரமாப் போகும்னு சொல்லுவீங்கள்ல. போறதுக்கு ஒசரம் வேணும்னா வர்றதுக்கு வேணாமா?”ன்னு கேட்டுச்சு சொர்ணவல்லி.

சோலையப்பன் அப்படியே நின்னுட்டாரு. நம்மகூட குடும்பம் நடத்துனதுல இவளுக்கும் கொஞ்சம் தொழில் ஒட்டிக்கிச்சேன்னு ஒரு பெருமை. ஒரு தகரக் குழாயைத் தூக்கிக்கிட்டு மொட்டமாடிக்கு ஏறினாரு. அதோட வாயை டவர் இருக்குற தெசைக்குத் திருப்பிக் கட்டினாரு. போனைக் கயித்துல கட்டி உள்ள தொங்கவிட்டாரு. குழாயில விழுற சிக்னலெல்லாம் குவிஞ்சு போன் தலையில கொட்டும்ங்கிறது கணக்கு.

ஏறினதுதான் ஏறினீங்க, குவியிற வரைக்கும் சும்மாவா நிக்கப் போறீங்கன்னு கீழேருந்து ஒரு கேள்வி வந்துச்சு. கூடவே ஒரு கூடையும் வெளக்கமாறும் வந்துச்சு. எலையை அள்ளிக்கிட்டு இருந்தப்ப, ஈ போச்சா இல்லையான்னு கேக்கத் திருப்பதி போன் அடிச்சாரு. சோலையப்பன் தன் கொரலையே ரிங்டோனா வச்சிருக்காரு. அது குழாய் வழியாத் தெரு பூராம் கேட்டுச்சு.

“ஹலோ. மைக் டெஸ்டிங். ஒண்ணு, ரெண்டு, மூணு.”

நாலு வீட்டுக் கதவு தெறந்துச்சு. எதிர்த்த வீட்டுக் கெழவி சின்னப்பிள்ளை தலைமுடியை அள்ளிச் சொருகிக்கிட்டு வந்து, யாரு தவறிட்டாங்க, எடுப்பு எப்பன்னு அண்ணாந்து கேட்டுச்சு. யாரும் தவறல ஆத்தா, போனுன்னாரு சோலையப்பன். அடப் பாவமே, நல்லாத்தானே பேசிக்கிட்டு இருந்துச்சுன்னு சொல்லிட்டு அது உள்ள போயிருச்சு.

ஓட்டை தெறந்துச்சு. ஈ போகல.

அடுத்த நாள் சொர்ணவல்லிக்கு இன்னொரு சந்தேகம். சிக்னலு எலைக்குள்ள பூந்து வருமா, சுத்திக்கிட்டு வருமா? சோலையப்பன் மாடியில நின்னு பாத்தாரு. டவருக்கும் வீட்டுக்கும் நடுவுல முருங்கை. மரத்தடியில ஸ்பீக்கர் வச்சா எலை பாதிச் சத்தத்தைக் குடிச்சுப்புடும்ங்கிறது அவரு அனுபவம். சத்தத்தைக் குடிக்கிற எலை சிக்னலை விட்டுவைக்குமா. அருவாளோட ஏறி வெட்டித் தள்ளினாரு. கம்பளிப்பூச்சி சட்டைக்குள்ள எறங்கி, ராத்திரி பூராம் ஒரு பக்கமாவே படுக்க வேண்டியதாப்போச்சு. சொர்ணவல்லி விளக்கெண்ணெய் தடவி விட்டுச்சு.

“எனக்கென்னமோ ஞாயித்துக்கெழமைக்கு எல்லாம் சரியாயிரும்னு மனசுல படுதுங்க”ன்னுச்சு தடவிக்கிட்டே. சாமிக்கு ஏதோ வேண்டியிருக்கா போலன்னு அவரு நெனச்சுக்கிட்டாரு.

மிச்சம் இருந்தது பின்னறை. அதுக்கும் கேள்வி தயாரா இருந்துச்சு. ஸ்பீக்கருக்குள்ள காந்தம் இருக்குன்னு சொல்வீங்களே, அது இரும்பை மட்டும்தான் இழுக்குமா?

இந்தக் கேள்விக்கு மட்டும் சோலையப்பன் ஒடனே எந்திரிக்கல. அந்தக் குழாயெல்லாம் அவரு ஒவ்வொண்ணாச் சேத்தது. எது எந்தக் கோயில் திருவிழாவுல காத்துக்கு விழுந்து நசுங்குச்சுன்னு கேட்டாச் சொல்லுவாரு. ஆனா கண்ண மூடுனா வாயைப் பாதி தெறந்தபடி மகன் வந்து நின்னான். அம்புட்டுக் காந்தமும் சேந்து அவன் மொகத்தை இழுத்துப் புடிச்சுக்கிட்டு இருந்தா? பழைய இரும்புக்காரரு வண்டியைக் கொண்டாந்தாரு. கடைசிக் குழாயைக் கையில வச்சுக்கிட்டுச் சோலையப்பன் குடுக்காம நின்னப்ப, சொர்ணவல்லி வந்து அதை வாங்கி மறுபடி செவுத்து ஆணியில மாட்டுச்சு. ஒண்ணு இழுத்தா என்ன ஆயிரப்போகுதுன்னு சொல்லிச்சு.

அப்பயும் ஈ போகல.

சனிக்கெழம காலையில ரோசத்தைக் கழட்டி வச்சுட்டு, ஃபியூஸ் வயர் வாங்கிட்டு வாரேன்னு சொல்லிப் பஸ் ஏறிட்டாரு. நேரா அர்ஷத் கடை. அர்ஷத் போனை வாங்கி, எங்கயோ தொட்டு, எங்கயோ தள்ளி, டீ வர்றதுக்குள்ள திருப்பிக் குடுத்துட்டாரு. உச்சியில 4G ஜம்முன்னு நின்னுச்சு. என்ன பழுதுன்னு கேட்டாரு சோலையப்பன். பழுதே இல்லண்ணே, செட்டிங்ஸ்ல டூ ஜி மட்டும் எடுன்னு யாரோ மாத்தி வச்சிருக்காங்கன்னாரு அர்ஷத். யாரு மாத்துவா, என் போனை நானும் என் சம்சாரமும் தவிர யாரும் தொடுறதில்லையேன்னாரு இவரு.

அர்ஷத் சிரிச்சுட்டாரு.

“அண்ணே, நெட்டைக் கூட்டித் தாங்கன்னு தெனம் நூறு பேரு வருவாங்க. எப்படிக் கொறைக்கிறதுன்னு கேட்டு இந்தக் கடைக்கு வந்தது நம்ம அக்கா ஒருத்தங்கதான்.”

“எந்த அக்கா?”

“சொர்ணவல்லி அக்கா. ரவிக்கைத் துணி எடுக்க வந்தப்ப நொழைஞ்சாங்க. என் போன்லயே ரெண்டு தரம் செஞ்சு காட்டச் சொன்னாங்க. திருப்பி மாத்துறதையும் பாத்துக்கிட்டாங்க. வெவரமானவங்கண்ணே.”

பஸ்ல வர்ற வழியெல்லாம் சோலையப்பன் வசனம் கட்டிக்கிட்டு வந்தாரு. ஆம்பளையை மாடிக்கு ஏத்தி, மரத்துல ஏத்தி, பூச்சிக்கடி வாங்க வச்சியே, இது நியாயமான்னு ஆரம்பிக்கணும். குழாய் விசயத்தைக் கடைசியா வைக்கணும், அப்பத்தான் அவளுக்கு ஒறைக்கும்.

வீட்டுக்குள்ள நொழைஞ்சாரு. பின்னறை கழுவி விட்டிருந்துச்சு. அதுக்கு ஒரு சன்னல் இருக்குங்கிறதே அவருக்கு மறந்துபோயிருந்துச்சு. வெளிச்சம் தரையில பாயை விரிச்சாப்புல கெடந்துச்சு. சேலையை இடுப்புல சொருகிக்கிட்டு, தலையில ஒட்டடையோட, அரவிந்த்குமார் கட்டிலுக்குக் கால் அடியில அட்டை வச்சு ஆடுதான்னு பாத்துக்கிட்டு இருந்துச்சு சொர்ணவல்லி. கட்டி வச்ச வசனமெல்லாம் அவரு தொண்டையிலயே வட்டம் சுத்துச்சு.

“ஃபியூஸ் வயர் கெடைச்சுச்சா?”ன்னு திரும்பாமலே கேட்டுச்சு.

கடை பூட்டுன்னாரு சோலையப்பன்.

ஞாயித்துக்கெழம சொன்ன நேரத்துக்கு வந்துட்டாங்க. ரகுநாத் நெதானமான ஆளு. மாடி ஏறிப் பாத்தாரு, பின்னறையில நின்னு சன்னலைப் பாத்தாரு, செவுத்துல தொங்குற ஒத்தைக் குழாயைப் பாத்து, நல்லா இருக்குன்னாரு. போன் அடிச்சுச்சு. அரவிந்த்குமார் வந்தான். வாய் மூடியிருந்துச்சு, ரெண்டு கண்ணும் தெறந்திருந்துச்சு. சட்டைப் பொத்தான் வரைக்கும் தெளிவு. ரகுநாத் கேட்டதுக்கெல்லாம் நின்னு பதில் சொன்னான். கடைசியில அவரு, எங்க பொண்ணு அங்க வந்துட்டா இதே மாதிரி மொகம் பாத்துப் பேசிக்கலாம்ல தம்பின்னு கேட்டப்ப, சோலையப்பன் போனை இன்னும் ஒரு சாண் அவரு பக்கம் நீட்டினாரு.

பேசி முடிச்சதும் ரகுநாத் போனைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. எங்க வீட்டுல வெறும் E தான் நிக்குது சம்பந்தி, உங்களுக்கு மட்டும் எப்படி இம்புட்டுத் தெளிவா வருதுன்னு கேட்டாரு.

அவரு வாயில மொத மொதலா சம்பந்தின்னு வந்துருச்சு. அந்த நேரம் பாத்து, என் சம்சாரந்தான் கொறைச்சு வச்சிருந்தான்னு எப்படிச் சொல்றது. சோலையப்பன் தொண்டையைச் செருமினாரு.

“நம்ம தொழிலே இதுதானே. ஒரு முருங்கைக் கெளை மறைச்சுக்கிட்டு நின்னுச்சு. வெட்டி விட்டேன். 4G வந்துருச்சு.”

காப்பித் தட்டோட வந்த சொர்ணவல்லி நின்னுச்சு. மொகத்துல அப்படி ஒரு மரியாதை.

“அப்ப, கெணத்தடியில அடர்ந்து நிக்கிற கருவை மரத்தையும் வெட்டிட்டா அஞ்சு ஜியே வந்துருமாங்க?”

ரகுநாத் காப்பியைக் கையில வச்சுக்கிட்டு இவரு மொகத்தையே பாத்தாரு. பொண்ணோட அம்மாவும் பாத்தாங்க.

“வரும்”னாரு சோலையப்பன்.

அவங்க கெளம்பி, நல்ல நாள் பாத்துச் சொல்றோம்னு வண்டி ஏறினதும், அவரு சாஞ்சு ஒக்காந்து போனை எடுத்தாரு. ஒரு காளை வட்டமே சுத்தாமத் துள்ளிக்கிட்டு வந்துச்சு. அது வாடிவாசலைத் தாண்டலை, அதுக்குள்ள கெணத்தடியிலேருந்து கொரல் வந்துச்சு.

“ஏங்க, பொழுது எறங்குறதுக்குள்ள வாங்க. அருவா இங்கிட்டுத்தான் இருக்கு.” கொஞ்சம் விட்டு, “கேக்க மறந்துட்டேன். நேத்துப் போனீங்களே, அர்ஷத் தம்பி சொகமா இருக்குதா?”

சோலையப்பன் காளையை நிறுத்திப் போனைப் பையில போட்டாரு.

“இருக்குது. வாரேன்”னு எந்திரிச்சுப் போனாரு.