ஓட்டை வாளி புழக்கத்தில் உள்ளது

ஒரு இசைக்குழுவின் பெயரை ஏற்கனவே வேறு யாராவது வைத்திருக்கிறார்களா என்று பார்த்த பிறகுதான் அந்தக் குழு மேடை ஏறலாம் என்பது நகரமன்ற விதி. நல்ல விதிதான். இல்லாவிட்டால் ஒரே பெயரில் இரண்டு குழு வாசித்து, எதற்குக் காதைப் பொத்திக்கொள்வது என்று தெரியாமல் மக்கள் தவித்திருப்பார்கள்.

அந்த விதியை மதித்து, ட்ரம்ஸ் வாசிக்கிற பெண் திங்கட்கிழமை காலை பெயர்ச் சரிபார்ப்புப் பிரிவில் போய் நின்றாள். பள்ளிக்கூடத்தை விட்டு மூன்று மாதம்தான் ஆகிறது. குழுவில் மொத்தமே மூன்று பேர்: அவள், கிட்டார் வாசிக்கிற சித்தி மகன், பாடுகிற தோழி. தோழிக்கு வெளியூரில் வேலை கிடைத்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறாள். சனிக்கிழமை நகரமன்ற அரங்கில் அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அதுதான் முதல் கச்சேரி, அதுவேதான் கடைசியும். சான்றிதழ் இல்லாவிட்டால் அரங்கக் காவலாளி மேடைப் படியைத் தொடக்கூட விடமாட்டார்.

எழுத்தர் படிவத்தைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"ஓட்டை வாளியா? வேற பேரே கிடைக்கலையாம்மா?"

"எங்க சத்தத்தக் கேட்டா பொருத்தமா இருக்கும் சார். யாராவது வச்சிருக்காங்களான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

"பாக்கறதா? இங்க விசாரணை முறை. இந்தக் கட்டடத்துல நாப்பது பேர் இருக்கோம். ஒவ்வொருத்தர்கிட்டயும் போய், 'ஓட்டை வாளின்னு ஒரு குழுவக் கேள்விப்பட்டிருக்கீங்களா'ன்னு கேப்பேன். அஞ்சு பேருக்கு மேல ஆமான்னா, பேரு புழக்கத்துல இருக்கு."

மதியத்துக்குள் நாற்பது மேசையையும் சுற்றி வந்துவிட்டார். யாருமே கேள்விப்பட்டதில்லை.

"அப்ப சான்றிதழக் குடுங்க சார்."

"பறக்காத. முடிவ உறுதி செய்ய இன்னொரு தடவ எல்லாரையும் கேக்கணும். புதன்கிழமை வா."

புதன்கிழமை எழுத்தரின் முகம் துக்கம் விசாரித்துவிட்டு வந்தது மாதிரி இருந்தது.

"நாப்பது பேரும் கேள்விப்பட்டிருக்காங்கம்மா."

"யாரு சொல்லி?"

"அதுக்குப் படிவத்துல கட்டம் இல்ல."

"நீங்கதான சார் திங்கக்கிழமை சொன்னீங்க?"

"நான் சொல்லல. கேட்டேன்." அவர் ஏட்டைப் புரட்டினார். "வரிப் பிரிவு மேடம், 'ரொம்ப நல்லா இருக்குமாமே'ன்னாங்க. குடிநீர்ப் பிரிவுல ஒருத்தர், அவங்க பழைய பாட்டுதான் பாட்டுன்னாரு. இவ்வளவு பெரிய குழுவோட பேர உங்களுக்குத் தூக்கிக் குடுத்தா, நாளைக்கு அவங்க வந்து என் சட்டையப் பிடிப்பாங்க."

"அவங்களே நாங்கதான் சார்."

"போலிங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

"சரி, வேற பேர் தர்றேன்."

"தாராளமா. அதையும் ரெண்டு தடவ விசாரிப்போம். அடுத்த வாரம்தான்."

'மேற்படி பெயர் புகழ்பெற்ற வேறொரு குழுவின் பயன்பாட்டில் இருப்பது சந்தேகமற நிறுவப்பட்டுள்ளது' என்று முத்திரை குத்தி ஒரு தாளை நீட்டினார்.

சனிக்கிழமை அரங்கத்தில் நிற்க இடமில்லை. நாற்பது பேரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். அவர்கள் சொல்லி அக்கம்பக்கத்தாரும் வந்திருந்தார்கள். மேடைப் படியில் காவலாளி அந்தத் தாளை வாங்கிப் படித்தார்.

"அதான் இவ்வளவு கூட்டமா? ஓரமா நில்லுங்க. அவங்க வர்ற நேரம்."

மூவரும் கடைசி வரிசைக்குப் பின்னால் போய் நின்றார்கள். ஆறு மணிக்கு விளக்கு எரிந்தது. மேடையில் யாரும் இல்லை. ஒலிபெருக்கி மட்டும் 'ஙொய்' என்று இழுத்துக்கொண்டிருந்தது. எலக்ட்ரீஷியன் வந்து மைக்கை இரண்டு தட்டு தட்டி, "ஒன்னு, ரெண்டு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முன்வரிசை கை தட்டியது.

"ஆளே இல்லாம வாசிக்கிறதுதான் இப்ப புது ஸ்டைல்" என்று யாரோ பக்கத்திலிருந்தவருக்கு விளக்கினார்கள். அரை மணி நேரம் அந்த ஙொய்யை எல்லோரும் கண்ணை மூடிக் கேட்டார்கள். எழுத்தர் தொடையில் தாளம் போட்டார்.

எல்லாம் முடிந்ததும் வரிப் பிரிவு மேடம் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே திரும்பினார். ட்ரம்ஸ்காரியைப் பார்த்து, "எப்படிம்மா இருந்துச்சு?" என்றார்.

ஒன்றுமே இல்லை, யாருமே வாசிக்கவில்லை என்றுதான் சொல்ல வாயெடுத்தாள். சுற்றிலும் பத்து முகம் அவள் பதிலுக்காகக் காத்திருந்தது.

"பரவால்ல மேடம்," என்றாள். "ஆனா முன்ன மாதிரி இல்ல."