பிரபுவின் சட்டைக்குக் கஞ்சி

சட்டை பளிச்சென்று வெளுத்திருந்தது. எமிலியானாவுக்கு ஏகப்பட்ட திருப்தி. எலுமிச்சம்பழமும் உப்பும் தேய்த்து, சிசிலித் தீவின் பகேரியா வெயிலில் காயப்போட்டு, கழுத்துப்பட்டிக்குச் சோற்றுக்கஞ்சியும் வைத்து மடிப்புக் கலையாமல் ஸ்திரிக்கை போட்டிருந்தாள். மன்னாரிலிருந்து பலேர்மோ வரைக்கும் அவள் கைக்குத் தப்பிய கறை கிடையாது.

காலையில் வீட்டுக்காரக் கிழவரின் கதிரையில் கிடந்த சட்டையின் கழுத்தோரம் ரத்தத்தைக் கண்டவள், "ஐயோ, இந்த மனுசன் சவரம் செய்யேக்கை திரும்பவும் வெட்டிப்போட்டுது!" என்று தண்ணீரில் அமுக்கியிருந்தாள். வில்லாவில் அவள் வேலை பார்க்கும் இந்த மூன்று வருசமாகத் துணி விசயத்தில் அவள் வைத்ததுதான் சட்டம். கிழவர் ஒருமுறை தன் கம்பளிச் சுவெற்றரை வோசிங் மெசினில் போட்டு, பூனைக்கு அளவாக எடுத்திருந்தார். அன்றைக்கு வாங்கிய பேச்சுக்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை.

பத்து மணிக்குக் கிழவர் கோப்பிக் கடையிலிருந்து திரும்பி வந்தார். எட்வின் பிளம்லி. வயது எண்பத்தேழு. சிசிலிக்காரியைக் கட்டி இங்கேயே தங்கிப்போன இங்கிலீசுக்காரர். அவருக்கும் எமிலியானாவுக்கும் நடுவே ஓடுவது இருவருக்கும் சொந்தமில்லாத இத்தாலியன். அவளுக்கு அவர் 'சிஞ்ஞோரே', அதாவது ஐயா.

"எமிலியானா, அந்தச் சட்டையைப் பத்திரமாக வைத்துவிட்டாயா?"

"வைச்சிட்டன், சிஞ்ஞோரே."

"கவனம். நாலு மணிக்கு லண்டன் நூதனசாலையிலிருந்து ஒரு பெண் வருகிறாள். அதிலிருக்கிற ரத்தத்தைப் பார்க்கத்தான் வருகிறாள்."

எமிலியானாவின் கையிலிருந்த தட்டு மேசையில் தானாக உட்கார்ந்தது.

"ரத்தத்தையோ?"

கிழவர் ஆறுதலாக இருந்து கதையைச் சொன்னார். அறுபத்தைந்து வருசத்துக்கு முன்னர் லண்டனுக்கு வெளியே ஒரு ஸ்ரூடியோவில், மனிதரின் ரத்தம் குடிக்கிற ஒரு பிரபுவைப் பற்றிப் பேய்ப்படம் எடுத்தார்கள். பலகையில் கோட்டை, தூண்டில் நூலில் வௌவால். பிளம்லிக்கு ரத்தம் கலக்கிற வேலை. கடைசிக் காட்சியில் பிரபுவின் வாயிலிருந்து சட்டையில் வழிந்தது அவர் கலக்கிய ரத்தம். அந்தச் சட்டையைத்தான் அன்று முதல் பெட்டிக்குள் வைத்திருந்து, லண்டன்காரிக்குக் காட்ட முதல்நாள் இரவு வெளியே எடுத்துக் கதிரையில் போட்டிருந்தார்.

"குதிரை பிடித்தவனுக்கும் பெயர் போட்டார்கள். வௌவாலை ஆட்டினவனுக்கும் போட்டார்கள். ரத்தம் கலந்தவனை மறந்துவிட்டார்கள். இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் சட்டையை வைத்து, அதன் கீழே என் பெயரைப் போடப் போகிறார்களாம்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, கழுத்தில் கட்டுகிற ரை தேட உள்ளே போனார்.

எமிலியானா சட்டையை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள்; ஒரு சொட்டும் இல்லை. வேலை போனால் போகட்டும். அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது சூப் வைத்துக் கொடுத்த மனுசன் அது! பெரிய வெள்ளியன்று தமிழ்ப் பங்கு மக்கள் யேசுவின் பாடுகளைக் காட்டிப் போடும் பாஸ்கா நாடகத்துக்கு வருசா வருசம் வந்து முதல் வரிசையில் இருப்பார். ஒரு சொல் விளங்காது. யேசுவின் காயங்களையே பார்த்திருந்துவிட்டு, "நல்ல ரத்தம்" என்று தலையாட்டுவார். அந்த மனுசனின் பெயரை அவள் எலுமிச்சம்பழம் போட்டுக் கழுவிவிட்டாள்.

குசினிக்குள் ஓடி, வெயிலில் வற்றவைத்த தக்காளிக் களியைத் தொட்டுக் கழுத்தோரம் பூசினாள். பிரபு கடைசிக் காட்சியில் பாஸ்தா சாப்பிட்டவர் மாதிரி இருந்தது. போதாததற்கு இரண்டு குளவிகள் வந்து சட்டையில் குந்தின. திரும்பக் கழுவினாள். ஆரஞ்சு வளையம் ஒன்று போகமாட்டேன் என்று நின்றது.

கணவன் யாக்கோபுக்குப் போன் அடித்தாள். அவன் மொண்டெல்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் சமையல்.

"இஞ்சேருங்கோ, ரத்தக் கறை எப்பிடி வரப்பண்ணுறது?"

"என்னடி, ஆரையும் வெட்டிப்போட்டியோ?"

"பகிடி விடாமல் சொல்லுங்கோ!"

"பீட்ரூட்டைப் பிழிஞ்சு விடு. அச்சொட்டா ரத்தம்தான்."

பிழிந்து விட்டாள். பத்து நிமிசத்தில் அது ஊதாவானது. பிஷப்மார் இடுப்பில் கட்டுகிற அதே ஊதா. அழுகையும் ஆத்திரமுமாக வரெக்கினாவை, அதுதான் வெளுக்கிற மருந்தை, அரைப் போத்தல் கவிழ்த்தாள். ஊதா போனது, ஆரஞ்சும் போனது. ரத்தம் குடிக்கிற பிரபுவின் சட்டை இப்போது கோயிலில் முதல்நன்மை வாங்குகிற பிள்ளையின் வெள்ளை உடுப்பு மாதிரி மின்னியது.

கைப்பழக்கத்தில் கழுத்துப்பட்டிக்குத் திரும்பவும் கஞ்சி வைத்து ஸ்திரிக்கை போட்டு முடிக்க, மணி பன்னிரண்டு. அப்போதுதான் பேரின்பநாயகத்தின் நினைவு வந்தது.

பேரின்பநாயகத்துக்குப் பலேர்மோவின் கபோ சந்தையில் மரக்கறி வியாபாரம். முப்பது வருசமாகப் பாஸ்கா நாடகத்தில் யேசுவுக்கு ரத்தம் பூசுகிறவரும் அவர்தான். கிழவர் மத்தியானத் தூக்கத்துக்குச் சரிந்ததும், "பால் வாங்கியாறன், சிஞ்ஞோரே" என்று சொல்லிவிட்டு எமிலியானா ரயில் ஏறினாள்.

கத்தரிக்காய்க் குவியலுக்குப் பின்னால் நின்று விசயத்தைக் கேட்ட பேரின்பநாயகம் நெற்றியில் சிலுவை போட்டார்.

"என்ன கதை பிள்ளை கதைக்கிறாய்? ஆண்டவருக்குப் பூசுற ரத்தத்தை ஒரு காட்டேறிக்குப் பூசவோ?"

"காட்டேறிக்கில்லை அண்ணை, எங்கடை சிஞ்ஞோருக்கு. அந்த மனுசன்ரை பேர் போகப்போகுது!"

"ஆர், பகேரியாக் கிழவருக்கோ?" அவர் முகம் ஒரு மாதிரிப் போனது. கடையைப் பக்கத்துக் கடைக்காரனிடம் பாரம் கொடுத்துவிட்டு, பின்னறைக்குள் போனார். "கொண்டா சட்டையை."

சீனிப் பாணி, சிவப்புச் சாயம், துளி கொக்கோத் தூள். ஒரு கோப்பையில் கலக்கித் தூரிகையை எடுத்தார்.

"அண்ணை, கறை எவடத்திலை எண்டால்..."

"சும்மா நில் பிள்ளை. தொழில் செய்யேக்கை கதைக்கப்படாது."

இடப்பக்கக் கழுத்தோரம் ஒரு வழிசல். இரண்டாவது பொத்தானுக்குப் பக்கத்தில் மூன்று சொட்டு. பழசாகத் தெரிவதற்கு ஓரத்தில் பால் விடாத பிளேன்ரீ. எமிலியானா வாய் பிளந்து நின்றாள். அப்படியே காலையில் கண்ட கறை!

"அண்ணைக்குக் கையிலை வரம்தான்," என்றாள் அழாக்குறையாக.

"ஓம் ஓம், கெதியாப் போ. ரயிலிலை காத்துப் படப் பிடிச்சுக்கொண்டு போ."

பிடித்துக்கொண்டு போனாள். ரத்தம் வழிகிற சட்டையை ஹேங்கரில் தூக்கி விசிறிக்கொண்டு ஒருத்தி நின்றால் ரயிலில் யார்தான் பக்கத்தில் இருப்பார்கள்? அந்தப் பெட்டி முழுவதும் அவளுக்கே கிடைத்தது. பகேரியாவில் இறங்கும்போது கறை காய்ந்திருந்தது. பால் வாங்கத்தான் மறந்துபோனாள்.

நாலு மணிக்கு லண்டன்காரி வந்தாள். வெள்ளைக் கையுறை, பூதக்கண்ணாடி, படத்தின் பழைய புகைப்படம் ஒன்று. புகைப்படத்தையும் சட்டையையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு சொட்டாக எண்ணினாள். எமிலியானா கதவுக்குப் பின்னால் நின்று செபமாலையில் ஒரு பத்து முடித்துவிட்டாள்.

"அற்புதம். எல்லாம் பொருந்துகிறது," என்றாள் லண்டன்காரி. "கழுத்துப்பட்டிதான் இவ்வளவு விறைப்பாக நிற்கிறது, ஏன்?"

"பிரபுக்கள் அப்படித்தான்," என்றார் கிழவர்.

"மிஸ்டர் பிளம்லி, வழமையாகக் கேட்கிற கேள்விதான். இது நீங்கள் கலந்த ரத்தம்தானா?"

கிழவர் சட்டையை எடுத்தார். கண்ணுக்குக் கிட்டக் கொண்டுவந்தார், பிறகு மோந்து பார்த்தார். எமிலியானா செபமாலையில் அடுத்த பத்தைத் தொடங்கினாள்.

"கண்ணை மூடிக்கொண்டும் சொல்வேன்," என்றார். "நான் பெட்டிக்குள் வைத்த அதே ரத்தம்."

லண்டன்காரி பெயரை எழுதிக்கொண்டாள். கிழவர் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தார். கடைசி எழுத்தை இரண்டு தரம் சொன்னார். எமிலியானா குசினிக்குள் போய், பால் இல்லாத தேநீரை ஊற்றியபடி விம்மி விம்மி அழுதாள். சந்தோசம் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும், ஒரு டப்பா நிறைய முறுக்கோடு கோயில் வாசலில் பேரின்பநாயகத்தைப் பிடித்தாள்.

"அண்ணை, உங்களுக்குக் கோடி புண்ணியம்! லண்டன் ஆளே ஏமாந்துபோச்சு. அதை விடுங்கோ, சிஞ்ஞோரே தன்ரை ரத்தமெண்டு சத்தியம் பண்ணாத குறை. பாவம், வயசு போச்சு, கண்ணும் தெரியாது, மணமும் தெரியாது."

பேரின்பநாயகம் முறுக்கொன்றைக் கடித்துக்கொண்டு, பக்கத்தில் யாரும் நிற்கிறார்களா என்று பார்த்தார்.

"அவருக்கு எல்லாம் வடிவாத் தெரியும் பிள்ளை. போன வருசம் நீ மன்னாருக்குப் போயிருக்கேக்கை, இதே சட்டையை உன்ரை வோசிங் மெசினிலை போட்டு எடுத்திட்டு, 'எமிலியானாவுக்கு மட்டும் சொல்லிப்போடாதை' எண்டு அழுதுகொண்டு என்ரை கடைக்கு வந்தவர்."