நிருஷாவின் நாடகமும் நான் வாங்கிய பொன்னாடையும்

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் ஜெயந்தன் அவர்களுக்கு,

கொழும்பில் நீங்களும் என் தங்கச்சியும் நலமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். இங்கே என் மனைவி சுகம், மகன் நிலோஜன் சுகம். கம்பசில் படிக்கவென்று என் வீட்டில் தங்கியிருக்கிற உங்கள் மகள் நிருஷா மிகவும் சுகம். நான்தான் சுகமில்லை. காரணம் அவள்தான். போனில் சொன்னால் பக்கத்தில் நின்று கேட்பாள் என்பதால் கடிதம் எழுதுகிறேன்.

அவள் எழுதிய நாடகம் போன ஞாயிறு அரங்கேறியது. என்ன நாடகம் என்று உங்களிடம் சொன்னாளோ தெரியாது. கோயில் பாட்டுக்குழுவில் பாடுகிற இரண்டு பொடியன்கள், ஒருவனை ஒருவன் விரும்புகிறார்கள், அதைக் கோயிலும் வீடும் என்ன செய்கிறது என்பது கதை. பங்குத்தந்தை மண்டபம் தர மாட்டேன் என்றுவிட்டார். பொய் சொல்லக்கூடாது, எனக்கு உள்ளுக்குள் சந்தோசம். பெரிய வெள்ளிக்கு நான் எழுதி நடத்துகிற திருப்பாடுகளின் நாடகம் தவிர வேறெதுவும் அந்த மேடையில் ஏறினதில்லை. அவள் விட்டாளா? வாவிக்கு அங்கால் வவுணதீவில் ஒரு நெற்களஞ்சியத்தைப் பிடித்து, பலகை அடித்து மேடையாக்கிவிட்டாள். பாலம் தாண்டி யார் போவான் என்று இருந்தேன். மச்சான், ஊரே போனது! நான் கஞ்சி ஊற்றிக் கொடுத்தும் இயேசு சிலுவையில் ஏறுமுன் எழும்பிப் போகிற சனம், அங்கே நெல்லுச் சுணை கடிக்கக் கடிக்க வெறுந்தரையில் அசையாமல் இருந்தது. மண்டபம் தராத பங்குத்தந்தையும் சாதாரணச் சட்டை போட்டுக்கொண்டு கடைசி வரிசையில். என் நாடகத்துக்கு முன்வரிசையில் இருந்து நித்திரை கொள்கிறவர், இமை கொட்டாமல் பார்க்கிறார்.

இதைவிடப் பெரிய வயிற்றெரிச்சல் ஒன்று இருக்கிறது. என் நாடகத்தில் இயேசுவாக நடிக்கச் சொல்லி நிலோஜனைக் கெஞ்சினேன். "எனக்கு அது சரிவராதப்பா" என்றவன், அவளுடைய நாடகத்தில் அந்த இரண்டு பொடியன்களில் ஒருவன். வீட்டில் என்னோடு "ஓம்", "இல்ல" என்பதற்கு மேல் வாய் திறக்காத பிள்ளை, அவளோடு பின்வளவில் இருந்து பொழுது சாயும் வரை கதைக்கிறான். என்ன கதை என்று கேட்டால், "ஒத்திகை மாமா" என்கிறாள். பெற்றவன் நான் இருக்க, பிள்ளையின் மனம் அவளுக்குத்தான் திறக்குமா?

அரங்கேற்றம் என்றால் மூத்த கலைஞரைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துவது முறை. சின்னப் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள் என்று நானே காத்தான்குடிக்குப் போய், சரிகை வைத்த ஒன்றைப் பேரம் பேசி வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். கூப்பிடவில்லை. கடைசிக் காட்சியும் வந்துவிட்டது. ஒருவரும் உட்காராத வெறும் கதிரை ஒன்றைத் தகப்பனாக வைத்து, அதன் முன்னால் முழங்காலில் நின்று நிலோஜன் பேசினான். "அப்பா, கோயில்ல இடமில்லெண்டா நான் வாசல்ல நிண்டு கும்பிடுவன். வீட்டுல இடமில்லெண்டா நான் எங்க போய் நிக்கிற?" சனம் விம்மியது. எனக்குப் பற்றி எரிந்தது. இப்படி ஒரு வசனம் எனக்கு ஏன் ஒருநாளும் வரவில்லை? அதைக் கொண்டுபோய் என் பிள்ளையின் வாயில் வைக்க இவள் யார்? அவனை இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவதென்று எழும்பி மேடையில் ஏறிவிட்டேன். கையில் பொன்னாடை இருந்ததை யோசிக்கவில்லை. கூத்தில் நன்றாக ஆடுகிறவனுக்கு, ஆட்டத்தின் நடுவிலேயே சொந்தக்காரர் ஏறிப் போர்த்துகிற ஊர் அல்லவா இது! பின்னாலிருந்து ஒருவன், "தகப்பன் பொன்னாடை போத்தப் போறார், கை தட்டுங்க!" என்று கத்த, களஞ்சியமே அதிர்ந்தது. நான் என்ன செய்ய? போர்த்தினேன். அவன் எழும்பி என் தோளில் முகத்தை வைத்து அழத் தொடங்கினான். நாடகத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

இப்போது மீன் வாங்கப் போனாலும், "மாஸ்டர், மருமகள்ட எழுத்து உங்கட எழுத்த விடத் திறம்" என்கிறார்கள். அடுத்த மேடையேற்றம் செட்டிபாளையத்திலாம். ஆகவே மச்சான், அதை நிறுத்தச் சொல்லி அவளைக் கண்டியுங்கள், அல்லது விடுதிக்கு மாற்றுங்கள். அவளுடைய வசனத்தில் விசேஷம் ஒன்றும் இல்லை. அந்தக் கடைசிக் காட்சி வெறும் ஒப்பாரி.

தங்கச்சிக்கு என் அன்பு. கொழும்பு வெக்கையும் பஸ் நெரிசலும் அண்டாமல் மாதா உங்கள் இருவரையும் தன் முக்காட்டுக்குள் வைத்துக் காப்பாராக.

இப்படிக்கு,
வயிறெரியும் மச்சான்
செபஸ்தியாம்பிள்ளை

பி.கு: உறையை ஒட்டப்போகும் நேரம் நிருஷா வந்தாள். "மாமா, அப்பாக்கு என்னப் பத்தி என்னவும் எழுதுங்க. ஆனா கடைசிக் காட்சி நான் எழுதல்ல. நிலோஜன் எழுதினது. அவன்ட சொந்தக் கதை" என்றாள். உறையை மேசையில் வைத்தேன். பிறகு எழும்பிப் போனேன். அவன் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டு இருந்தான், நிமிரவில்லை. "மனே, நீ எனக்குப் புள்ளதான். அதுல ஒரு மாத்தமுமில்ல" என்றேன். வேறு என்ன சொல்வதென்று தெரியாமல், "அந்த ரெண்டாவது வசனம் கொஞ்சம் நீளம், முறிச்சுப் போடு" என்றும் சொன்னேன். "இல்லப்பா, அது அப்பிடித்தான் இருக்கோணும்" என்று சண்டைக்கு வந்துவிட்டான். மத்தியானம் வரைக்கும் இரண்டு பேரும் அந்த வசனத்துக்கு அடிபட்டோம். ஆகவே மச்சான், மேலே உள்ளதை எல்லாம் வெட்டிவிட்டு வாசியுங்கள். செட்டிபாளையத்துக்குக் கட்டாயம் வாருங்கள். யாராவது கேட்டால், அந்தக் காட்சி எங்கள் பக்கத்து எழுத்து என்று சொல்லுங்கள். மற்றக் காட்சிகளில் உங்கள் மகளும், பாவம், தன்னால் ஆனமட்டும் முயன்றிருக்கிறாள்.