டாட்டா காட்டி முடிக்கும் வரை

ஓசூரில் குழந்தை வளர்ச்சி பற்றி முழுதாகத் தெரிந்த மனிதர் ஒரே ஒருவர்தான். பாகலூர் ரோட்டுப் பக்கம் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். பன்னிரண்டு வருஷம் பழகியும் அவர் பேர் என்னவென்று நான் கேட்டதில்லை. எல்லாருக்கும் அவர் பானட் மாமா. அரைகுறையாகத் தெரிந்தவர்கள் ஊரில் நிறைய உண்டு. அந்தப் பட்டியலில் முதல் பேர் என்னுடையது.

சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பயிற்சிப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் ஷாப் ஃப்ளோர் சுவரில் ஒரு சார்ட் தொங்கும். ஒவ்வொரு தொழிலாளி பேருக்கு எதிரிலும் வட்டங்கள். வேலை பழக ஆரம்பித்தால் கால் வட்டம் கறுப்பாகும். தனியாகச் செய்தால் அரை. அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்குத் தேறினால் முழு வட்டம். மகள் யாழினி பிறந்த வாரமே அதே மாதிரி ஒன்று போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டினேன். தலை நிற்பது, குப்புற விழுவது, தவழ்வது, நடப்பது என்று வரிசையாக.

அவளோ தவழாமலேயே ஒருநாள் எழுந்து நடந்துவிட்டாள். வீடே சந்தோஷப்பட்டது. எனக்கு மட்டும் தவழும் வட்டம் காலியாகக் கிடக்கிறதே, ஆடிட்டில் பிடிப்பார்களே என்று இருப்புக் கொள்ளவில்லை. ஹாலில் மண்டி போட்டு நானே தவழ்ந்து காட்டினேன். அவள் நின்றபடி வேடிக்கை பார்த்தாள். என் மனைவி நித்யா பேனாவை எடுத்து, சார்ட்டின் அடியில் என் பேரை எழுதி, 'துணி மடிப்பது' என்று ஒரு வரி சேர்த்து, எதிரே ஒரு காலி வட்டம் போட்டாள். அது கடைசி வரை காலிதான்.

யாழினி எல்.கே.ஜி. சேர்ந்த அன்று பானட் மாமாவிடம் இரண்டு பக்கம் டைப் அடித்துக் கொடுத்தேன். எதற்கு அழுவாள், எப்படி அழுவாள், என்ன சொன்னால் நிறுத்துவாள், அவள் டாட்டா காட்டி முடிக்கும் வரை வண்டியை எடுக்கக் கூடாது, எல்லாம் நம்பர் போட்டு. அவர் நின்று முழுக்கப் படித்தார். பிறகு நாலாக மடித்து, கடகடவென்று ஆடிக்கொண்டிருந்த ஜன்னல் கண்ணாடி இடுக்கில் செருகினார். ஆட்டம் நின்றது. என் எழுத்தால் உருப்படியாக நடந்த முதல் காரியம் அது.

அவருக்கும் ஒரு சார்ட் இருந்தது. அது சீட்டு. எந்த வகுப்பு என்று பார்த்து உட்கார வைக்க மாட்டார். புதுப் பொடிசுகளுக்கு அவர் கைக்கெட்டும் தூரத்தில், இன்ஜின் பானட் மேல் போட்ட மெத்தை. ஷூ லேஸைத் தானே கட்டத் தெரிந்தால் நடு வரிசை. கடைசி வரிசைக்கு என்ன தகுதி என்பதை மட்டும் சொல்ல மாட்டார். தன் பையனுக்குப் பன்னிரண்டாம் வாய்ப்பாடு வரை தெரியும், இன்னும் ஏன் பானட்டில் வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு அம்மா சண்டைக்குப் போனார்.

"வாய்ப்பாடு வருதுங்க மேடம். லேஸ் வரலைங்களே" என்றார் மாமா. அந்தப் பையன் ரெண்டாம் வகுப்பு முழுக்க பானட்டில்தான் போனான்.

நாலு வயதாகியும் யாழினிக்குப் பேச்சு குறைவு. சொற்களை எண்ணிப் பார்த்தால் நாற்பதைத் தாண்டவில்லை. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பெங்களூரில் ஒரு டாக்டரைப் பார்க்க நாள் வாங்கிவிட்டு, அன்றைக்கு அவள் வரமாட்டாள் என்று மாமாவிடம் சொன்னேன்.

"நம்ம யாழினியா? வண்டியில வாய மூடறதில்லைங்க சார். பாதி தெலுங்கு, பாதி கன்னடம். நேத்து குறுக்க வந்த லாரிக்காரனத் திட்டுச்சு பாருங்க, சத்தியமா நான் சொல்லிக் குடுக்கலைங்க" என்றார்.

என் சார்ட்டில் தமிழுக்கும் இங்கிலீஷுக்கும் மட்டும்தான் கட்டம் இருந்தது. மற்றதையெல்லாம் மழலை என்று தள்ளிவிட்டிருந்தேன்.

ஆறு வயதில் லேஸ் வந்தது, நடு வரிசைக்குப் போனாள். எட்டாம் வகுப்பில் ஒருநாள் பார்த்தால் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் லீவில் மாமாவை டீக்கடையில் பிடித்து, என்ன தகுதி என்று கேட்டேன். வீட்டைப் பார்த்து டாட்டா காட்டுவதை எந்தப் பிள்ளை நிறுத்துகிறதோ அது பின்னால் போகும் என்றார்.

யோசித்துப் பார்த்தேன். ஒரு வாரமாக நான் மட்டும்தான் கையை ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வீட்டிலும் அவள் அறைக் கதவு சாத்தியே இருந்தது. எதைக் கேட்டாலும் 'ம்'. அந்த மாதம்தான் கம்பெனி குடும்ப விழாவில் 'வளரும் பிள்ளைகளிடம் பேசுவது எப்படி' என்று முக்கால் மணி நேரம் பேசிக் கைதட்டு வாங்கினேன். என்னை என் மகளுக்குப் பிடிக்காமல் போய்விட்டது என்று நிஜமாகவே நம்பினேன். வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது.

அந்தக் கோபத்தை யார் மேலாவது காட்ட வேண்டுமே. வேன் எங்கள் வாசலில் தேவையில்லாமல் நின்றுவிட்டுப் போவதாகத் தோன்றியது. பிள்ளை ஏறியாகிவிட்டது, கதவும் சாத்தியாகிவிட்டது, இன்ஜின் ஓடுகிறது, வண்டி நகர்வதில்லை. ஒரு சாயங்காலம் மாமாவிடம் போய்க் கத்தினேன்.

"நீங்கதான சார் எழுதிக் குடுத்தீங்க. டாட்டா காட்டி முடிக்கிற வரைக்கும் எடுக்கக் கூடாதுன்னு."

"அவதான் காட்டறதே இல்லையே."

அவர் குரலை இறக்கினார். "நீங்க திரும்பி உள்ள போவீங்கள்ல, அப்ப பாக்கும். நீங்க கேட்டச் சாத்தற வரைக்கும் உங்களையேதான் பாக்கும். எனக்குக் கண்ணாடியில தெரியும். அது பாத்து முடிச்சாதான் சார் நான் கியர் போடறது."

சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

மறுநாளிலிருந்து வேன் வந்ததும் நான் வீட்டுக்குள் கிளம்பிவிடுவேன். அவசரமில்லாமல், செருப்பைச் சரி செய்து, செடியைத் தொட்டுப் பார்த்து, நன்றாக முதுகைக் காட்டியபடி. திரும்பிப் பார்க்காமல் இருப்பதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

யாழினி இப்போது பிளஸ் ஒன். சைக்கிளில் போகிறாள். ஃபிரிட்ஜ் மாறியபோது சார்ட்டும் போய்விட்டது. அந்த வேன் மட்டும் வேறு பிள்ளைகளோடு தினமும் எங்கள் தெரு வழியாகத்தான் போகிறது. எங்கள் வாசலில் ஏற யாரும் இல்லை. ஆனாலும் ஒரு நிமிஷம் நிற்கும். நான் டாட்டா காட்டுகிறேன். பானட்டில் இருக்கும் பொடிசுகள் இந்த ஆள் யாரென்று தெரியாமல் பதிலுக்குக் கையை ஆட்டுகின்றன. நான் காட்டி முடிக்கும் வரை பானட் மாமா கியர் போடுவதில்லை.